பாரப் பரம்பலும் விமானத்தின் உறுதிநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வளர்ச்சியைத் தனிமனித மேதைகளின் சாதனைப் பட்டியலாக எழுதும் மரபு நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. பறத்தலின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. சிறகின் வடிவம், எந்திரத்தின் வலு, எய்தப்பட்ட வேகம் ஆகியன பற்றி விரிவாகப் பேசும் நூல்கள், பறக்கும் பொருளினுள் பாரம் எங்கே அமைந்திருந்தது என்னும் வினாவை இரண்டொரு வரிகளில் கடந்து விடுகின்றன. ஆயினும் விமானம் நேராகப் பறக்குமா, புரண்டு விழுமா, விமானியின் கைக்கு அடங்குமா என்பவற்றைத் தீர்மானிக்கும் காரணிகளுள் அதுவும் ஒன்று. அவ்வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளை வரலாற்று ஒழுங்கில் நோக்கின், ஓர் அறிவு எவ்வாறு தோன்றுகிறது என்பதோடு, தோன்றிய அறிவு எப்பொழுது செவிமடுக்கப்படுகிறது, எப்பொழுது புறக்கணிக்கப்படுகிறது என்பதும் புலனாகும். இரண்டாவதே இக்கட்டுரையின் முதன்மையான அக்கறையாகும்.

1. வினாவின் இயல்பு

வரலாற்றுக்குள் நுழையுமுன் பௌதிக அடிப்படைகள் சிலவற்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். விமானத்தின் பாரப் பரம்பலை மூன்று வகையாக நோக்கலாம். முதலாவது, புவியீர்ப்பு மையம் முன்பின்னாக எவ்விடத்தில் உள்ளது என்பது. அது போதிய அளவு முன்னே இருப்பின், காற்றின் தாக்கத்தால் மூக்கு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் விமானம் தானாகவே பழைய நிலைக்கு மீளும். பின்னே நகர நகர இப்பண்பு குறைந்து, ஓர் எல்லைக்கப்பால் சிறிய குலைவும் பெருகிச் செல்லும். இரண்டாவது, பாரம் இடம் வலமாகச் சமன் செய்யப்பட்டுள்ளதா என்பது. ஒரு சிறகில் எரிபொருள் மிகுந்தும் மறு சிறகில் குறைந்தும் இருப்பின் விமானம் பாரமான பக்கம் உருளவே முனையும். விமானி சிறகு மடல்களால் இடைவிடாது அதனை எதிர்க்க வேண்டும்.

மூன்றாவது சற்று நுண்மையானது. புவியீர்ப்பு மையம் இடம் மாறாதிருக்கவே, பாரம் அதனைச் சூழச் செறிந்திருக்கலாம், அல்லது தொலைவிற் பரந்திருக்கலாம். இவ்வேறுபாட்டையே சடத்துவத் திருப்பம் அளவிடுகின்றது. திணிவு ஒன்று அச்சிலிருந்து இரு மடங்கு தூரத்தில் வைக்கப்படின், சுழற்சிக்கு அது காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எனவே எந்திரங்களும் எரிபொருட் தாங்கிகளும் சிறகுகளில் அமைந்த விமானம் உருளத் தொடங்கவும் தாமதிக்கும், உருளலை நிறுத்தவும் தாமதிக்கும். பாரம் முழுவதும் உடற்பகுதியிற் செறிந்த விமானமோ விமானியின் கையசைவுக்கு உடனே இசையும். மாறாத வேகத்தில் உருளும்போது எய்தப்படும் உருளல் வீதத்தைப் பாரப் பரம்பல் தீர்மானிப்பதில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். அது மடல்களின் ஆற்றலுக்கும், உருளும் சிறகைக் காற்று தடுப்பதற்கும் இடையிலான சமநிலையாற் பெறப்படுவது. பாரம் தீர்மானிப்பது அவ்வீதத்தை எய்த எடுக்கும் நேரத்தை.

இவ்விடத்தில் நெடுங்காலம் நிலவிய ஒரு தவறான எண்ணத்தையும் குறிப்பிடுதல் தகும். பாரத்தைச் சிறகுக்குக் கீழே தொங்கவிட்டால் ஊசலைப் போல விமானம் தானாக நிமிரும் எனத் தொடக்ககால வடிவமைப்பாளர் பலர் கருதினர். ஊசலுக்கு நிலையான ஒரு தொங்குபுள்ளி உண்டு. வானில் அத்தகைய புள்ளி இல்லை. நிறை எப்பொழுதும் புவியீர்ப்பு மையத்தினூடாகவே தொழிற்படுவதால், அம்மையத்தைப் பற்றி விமானத்தை நிமிர்த்தும் திருப்பத்தை அதனால் உண்டாக்க இயலாது. சாய்ந்த விமானம் பக்கமாகச் சறுக்கும்போது, மேல்நோக்கி வளைத்து அமைக்கப்பட்ட சிறகுகள் மீது காற்று சமனற்றுப் படுவதே அதனை நிமிர்த்துகின்றது.

2. உடலால் அறியப்பட்ட சமநிலை

இவ்வாறு சிறகுகளை மேல்நோக்கிச் சரித்து அமைப்பதன் பயனை 1809-1810 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளிலேயே இங்கிலாந்தின் ஜோர்ஜ் கெய்லி எடுத்துரைத்தார். 1871 இல் பாரிஸ் நகரில் அல்போன்ஸ் பெனோ, முறுக்கிய இறப்பரால் இயங்கிய சிறு மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டு, வாற்சிறகின் கோணமும் புவியீர்ப்பு மையத்தின் இடமும் உரியவாறு பொருந்தின் மனிதக் கையின் தலையீடின்றியே நெடுக்கு உறுதிநிலை பெறப்படும் என மெய்ப்பித்தார். ஆயின் இவ்விரு முடிவுகளும் மாதிரிகளினின்று பெறப்பட்டவை. மனிதன் தானே பாரமாக ஏறியபோது பிரச்சினை வேறு வடிவம் கொண்டது.

ஜேர்மனியின் ஒற்றோ லிலியந்தால் 1891 முதல் 1896 வரை ஏறத்தாழ 2000 தடவைகள் சறுக்குவிமானங்களிற் பறந்தார். அவரிடம் மடல்களோ சுக்கானோ இருக்கவில்லை. சிறகுகளுக்கிடையே கைகளாற் பற்றித் தொங்கியவாறு, கால்களையும் இடுப்பையும் வீசிப் புவியீர்ப்பு மையத்தை நகர்த்துவதே அவர் அறிந்த கட்டுப்பாட்டு முறை. அதாவது, பாரப் பரம்பலை மாற்றும் பொறி அவரது உடலேயாகும். இம்முறையின் எல்லையும் அவர் உடலாலேயே வரையறுக்கப்பட்டது. சிறகு பெரிதாகவும் காற்று கடுமையாகவும் ஆக, உடலை நகர்த்துவதாற் கிடைக்கும் திருப்பம் போதாமற் போயிற்று. 1896 ஆகஸ்ட் 9 ஆம் நாள் காற்றின் வீச்சொன்று மூக்கை உயர்த்த, அவர் கால்களை முன்னே எறிந்தும் பயனின்றி ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து வீழ்ந்தார். மறுநாள் இறந்தார்.

இவ்விறப்பிலிருந்து தக்க பாடத்தைக் கற்றவர்கள் ஐக்கிய அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் துவிச்சக்கரவண்டிகள் செய்து விற்ற றைற் சகோதரர்களாவர். துவிச்சக்கரவண்டி தானாக நிற்காது. ஓட்டுபவரின் இடைவிடாத திருத்தத்தாலேயே அது நிற்கின்றது. இத்தொழிலனுபவம் அவர்களது சிந்தனையிற் படிந்திருந்தது. 1899 முதல் அவர்கள் பாரத்தை நகர்த்தும் முறையைக் கைவிட்டு, சிறகுகளை முறுக்கி உருளலைக் கட்டுப்படுத்தும் முறையை உருவாக்கினர். அதே காலத்தில் அமெரிக்கப் போர்த் திணைக்களத்தின் 50,000 டொலர் உதவியுடன், தானே உறுதியாய் நிற்கும் விமானத்தைச் செய்ய முயன்ற ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலாளர் சாமுவேல் லாங்லியின் ஊர்தி 1903 இல் இருமுறையும் ஆற்றில் வீழ்ந்தது. இரு தரப்பினரையும் வேறுபடுத்தியது கல்வி மட்டுமன்று. பட்டறை அனுபவம் ஒரு தரப்புக்குக் கொடுத்த வினா மறுதரப்புக்குத் தோன்றவேயில்லை.

ஆயினும் பாரத்தின் கேள்வி அவர்களையும் விட்டு நீங்கவில்லை. 1903 டிசெம்பர் 17 இல் பறந்த அவர்களது விமானத்தில் விமானி நடுக்கோட்டுக்கு இடப்புறமாகப் படுத்திருந்தார். எந்திரம் வலப்புறம் இருந்தது. எந்திரம் மனிதனை விடப் பாரமானது. எனவே வலச்சிறகு இடச்சிறகை விட 4 அங்குலம் நீளமாக அமைக்கப்பட்டது. முன்பின் சமநிலையில் அவர்கள் அத்துணை வெற்றி பெறவில்லை. அன்றைய பறப்புகள் யாவும் அலைபோல் ஏறியிறங்கியே அமைந்தன. 1904 இல் விமானத்தின் முன்பகுதியில் 70 இறாத்தல் இரும்பு சேர்த்த பின்னரே நிலைமை ஓரளவு சீரடைந்தது. பறப்பைத் தந்தவர்கள் என உலகம் போற்றும் இருவரும் இரும்புத் துண்டுகளைக் கட்டிப் பார்த்தே இதனைக் கற்றுக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

3. சமன்பாடும் போர்க்களமும்

கைவினை அறிவு கணித அறிவாக மாறிய கட்டத்தை 1911 இல் வெளியான ஜீ. எச். பிரையனின் நூல் குறிக்கின்றது. வேல்சின் பாங்கர் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த அவர், விமானத்தின் இயக்கத்தை ஆறு சமன்பாடுகளால் எடுத்துரைத்தார். குலைவுகள் சிறியவை என எடுத்துக்கொண்டால், அச்சமன்பாடுகள் ஒன்றையொன்று பாதியாத இரு தொகுதிகளாகப் பிரியும் எனக் காட்டினார். மூக்கு ஏறியிறங்கும் இயக்கம் ஒன்று. உருளலும் திசைதிரும்பலும் சேர்ந்தது மற்றொன்று. இப்பிரிப்பு விமானவியலுக்குக் கிடைத்த பெருங்கொடையாகும். பின்வந்த நான்கு தசாப்தங்களின் வடிவமைப்பு இதன் மீதே கட்டப்பட்டது. ஆயின் அது 'குலைவுகள் சிறியவை' என்ற நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பிரித்தானியாவின் அரச விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த எட்வேட் பஸ்க் இக்கோட்பாட்டைப் பயன்படுத்தி 1914 இல் பீ.ஈ.2சீ என்னும் விமானத்தைத் தானே நிலைபேறுடையதாக்கினார். விமானி கைகளை விட்டுவிட்டாலும் அது சீராகப் பறந்தது. அவ்விமானத்தில் நோக்குநர் முன்னிருக்கையில், புவியீர்ப்பு மையத்துக்கு அண்மையில் அமர்த்தப்பட்டார். அவர் ஏறாவிடினும் சமநிலை குலையக்கூடாது என்பதே இதன் காரணம். வேவு பார்ப்பதற்கும் படம் பிடிப்பதற்கும் இது ஏற்ற அமைப்பு. ஆனால் 1915 இல் ஜேர்மனியரின் இயந்திரத் துப்பாக்கி பூண்ட ஃபொக்கர் விமானங்கள் தோன்றியபோது, சிறகுகளுக்கும் கம்பிகளுக்கும் தூண்களுக்கும் நடுவே சிக்கியிருந்த நோக்குநரால் உரியவாறு சுட இயலவில்லை. தன் நிலையைத் தானே காக்கும் விமானமும் விரைந்து திரும்ப மறுத்தது. அமைதிக்காலத் தேவைக்காகச் செய்யப்பட்ட ஒரு பாரப் பரம்பல், போரின் தேவை மாறியதும் இளைஞர் பலரின் உயிருக்கு உலையாயிற்று.

இதற்கு எதிர்முனையில் 1917 இல் சொப்வித் கமல் தோன்றியது. எந்திரம், துப்பாக்கிகள், விமானி, எரிபொருள் ஆகிய அனைத்தும் விமானத்தின் முன் 7 அடிக்குள் செறிக்கப்பட்டன. சடத்துவத் திருப்பம் குறைந்தமையால் அது வியக்கத்தக்க விரைவுடன் திரும்பியது. அதனுடன், தானே சுழலும் எந்திரத்தின் பெருந்திணிவு பம்பரம்போற் செயற்பட்டு, வலப்புறம் திரும்புகையில் மூக்கைத் தாழ்த்தியும் இடப்புறம் திரும்புகையில் உயர்த்தியும் வந்தது. தேர்ந்த விமானியிடம் இது வலிய ஆயுதம்; பயிலுநரிடம் இது கொலைப்பொறி. பயிற்சியின்போதே பலர் மாண்டனர். உறுதிநிலையும் கையாளுந்தன்மையும் ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கும் பண்டங்கள் என்ற எண்ணம் இக்காலத்திலேயே வேரூன்றியது எனலாம்.

4. அறிந்தே ஏற்ற அபாயம்

இரண்டாம் உலகப் போரில் இப்பேரம் இன்னொரு வடிவிற் தோன்றியது. அமெரிக்காவின் பீ-51 மஸ்ராங் விமானம் இங்கிலாந்திலிருந்து பேர்லின் வரை குண்டுவிமானங்களுக்குத் துணை சென்று மீள வேண்டியிருந்தது. இதற்காக விமானியின் இருக்கைக்குப் பின்னே 85 கலன் கொள்ளளவுடைய மேலதிகத் தாங்கி பொருத்தப்பட்டது. அது நிறைந்திருக்கையில் புவியீர்ப்பு மையம் பின்னகர்ந்து விமானம் உறுதி குன்றியது. கூர்மையாகத் திரும்பும்போது கட்டுப்பாட்டுக் கோலின் எதிர்ப்பு மறைந்து, விமானி எண்ணியதற்கு மேலாக மூக்கு இழுபட்டது. பொறியியலாளர் இதனை அறிந்திருந்தனர், விமானிகளுக்கும் அறிவித்தனர். பயணத்தின் தொடக்கத்திலேயே அத்தாங்கியின் பெரும்பகுதியைச் செலவிட்டுவிட வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. ஆபத்து நீங்கவில்லை, ஆயின் ஆபத்தைச் சுமந்தவனுக்கு அது தெரிந்திருந்தது. பின்வரும் நிகழ்ச்சிகளை மதிப்பிடுவதற்கு இவ்வுதாரணம் ஓர் அளவுகோலாகும்.

5. சடத்துவப் பிணைப்பு: 1948 முதல் 1956 வரை

போரின் முடிவில் தாரை எந்திரம் வந்தது. அதனுடன் விமானத்தின் உருவமே மாறியது. மஸ்ராங்கின் சிறகுகள் நுனிக்கு நுனி 37 அடி. உடல் நீளம் ஏறத்தாழ 32 அடி. 1952 இல் பறந்த டக்ளஸ் எக்ஸ்-3 என்னும் ஆய்வு விமானத்தின் நீளம் ஏறத்தாழ 67 அடி. சிறகுகளோ 23 அடிக்கும் குறைவு. ஒலியின் வேகத்தைக் கடக்கச் சிறகு மெலிந்து குறுகியது. அங்கே எதனையும் வைக்க இடமில்லாமையால் எந்திரமும் எரிபொருளும் கருவிகளும் நீண்ட உடலுக்குள் நெடுகப் பரவின. உருளலுக்கான சடத்துவம் மிகச் சிறியதாகவும், மற்றிரு அச்சுக்களைப் பற்றிய சடத்துவம் மிகப் பெரியதாகவும் ஆயின.

இதன் விளைவை எளிய உவமையால் விளக்கலாம். ஒரு கோலின் இரு முனைகளிலும் கற்களைக் கட்டி, அதன் நீளப்போக்கிற்குச் சற்றுச் சாய்வான அச்சொன்றைப் பற்றிச் சுழற்றுவோமாயின், மையநீக்க விசை இரு கற்களையும் வெளியே எறிய முனையும். கோல் சுழலச்சுக்குக் குறுக்காகத் திரும்பிவிடும். வேகமாக உருளும் நீண்ட விமானத்தின் மூக்கும் வாலும் அக்கற்களையே ஒத்தவை. இதனைத் தடுத்து நிற்பது வால்தகடுகளின் மீது படும் காற்று மட்டுமே. உயர்வானில் காற்று மெலிதாகும்போதும், ஒலிகடந்த வேகத்தில் வாலின் ஆற்றல் குன்றும்போதும் அத்தடை தளர்கின்றது. உருளல் என்னும் ஒரு செயல் மூக்குயர்வையும் திசைதிரும்பலையும் தன்னோடு இழுத்து வருகின்றது. இதுவே சடத்துவப் பிணைப்பு எனப்படும். பிரையன் இரண்டாகப் பிரித்த தொகுதிகள் இங்கே மீண்டும் ஒன்றாகின்றன. குலைவு சிறியது என்ற நிபந்தனை மீறப்பட்டமையால், அதன் மீது நின்ற முடிவும் செல்லாதாயிற்று.

இங்கு நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி யாதெனில், இவ்வுண்மை விபத்துகளாற் கண்டுபிடிக்கப்பட்டதன்று என்பதாகும். அமெரிக்க வானூர்தியியல் தேசிய ஆலோசனைக் குழுவின் லாங்லி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வில்லியம் பிலிப்ஸ் 1948 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் இதனைக் கணிதமுறையாக நிறுவியிருந்தார். உருளல் வீதம், விமானத்தின் மூக்காட்ட மீடிறனுக்கும் திசையாட்ட மீடிறனுக்கும் இடைப்படுமாயின் இயக்கம் உறுதியிழந்து பெருகும் என்பது அவரது முடிவு. அறிக்கை இரகசியமானதும் அன்று. ஆயினும் அக்காலத்து விமானங்கள் அந்த எல்லையை அண்மிக்காமையால் அது கோட்பாட்டு விநோதமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது.

1953 டிசெம்பர் 12 இல் சாள்ஸ் யேகர் எக்ஸ்-1ஏ விமானத்தில் ஒலியின் வேகத்தைப் போல் 2.44 மடங்கை எட்டியதும் விமானம் கட்டிழந்து புரண்டு, ஒரு நிமிடத்துக்குள் ஏறத்தாழ 50,000 அடி வீழ்ந்தது. அவர் உயிர் தப்பினார். இவ்வெச்சரிக்கை ஆய்வு விமானம் ஒன்றினின்று வந்தது. ஆனால் அதே வடிவப் போக்குடைய எஃப்-100 போர்விமானம் அப்பொழுதே தொகையாக உற்பத்திக்குச் சென்றுகொண்டிருந்தது. அதன் முதல் மாதிரியில் இருந்த உயரமான நிலைக்குத்து வால், உற்பத்தி விமானங்களிற் குறுக்கப்பட்டது. திசையுறுதி போதாதென விமானப்படையின் பரிசோதனை விமானிகள் முறையிட்டிருந்தனர். கொரியப் போரின் பின்னான ஆயுதப் போட்டியில், புதிய விமானம் விரைந்து படைக்கு வரவேண்டும் என்ற நெருக்குதல் அம்முறையீட்டை விட வலியதாயிருந்தது. 1954 செப்டெம்பரில் அது சேவையிற் சேர்க்கப்பட்டது.

அடுத்த மாதம் 12 ஆம் நாள், உற்பத்தி நிறுவனத்தின் தலைமைப் பரிசோதனை விமானி ஜோர்ஜ் வெல்ச், உயர்வேகப் பாய்ச்சலிலிருந்து விமானத்தை மீட்கும் சோதனையின்போது, விமானம் பக்கமாகத் திரும்பிக் காற்றிற் சிதைந்தமையால் உயிரிழந்தார். இரு வாரங்களின் பின் ஒக்டோபர் 27 இல் ஜோசப் வோக்கர் எக்ஸ்-3 விமானத்தை உருளச் செய்தபோது, அவர் ஏவாமலே மூக்கு ஏறத்தாழ 20 பாகை உயர்ந்தது; விமானம் பக்கமாகவும் 16 பாகை சறுக்கியது. அதே பறப்பில் ஒலிகடந்த வேகத்தில் அது இன்னும் கொடூரமாக நிகழ்ந்தது. அவர் பதிவுகளுடன் உயிரோடு மீண்டமை ஆய்வாளருக்குப் பெரும்பேறாயிற்று. நவம்பரில் வேறு எஃப்-100 விபத்துகளையடுத்து அவ்விமானங்கள் யாவும் தரையில் நிறுத்தப்பட்டன. ஆலோசனைக் குழுவினர் ஒப்புமைக் கணனிகளின் துணையுடன் பிலிப்சின் சமன்பாடுகளை மீட்டெடுத்து ஆராய்ந்தனர். நிலைக்குத்து வாலின் பரப்பு 27 சதவீதமளவில் கூட்டப்பட்டது, சிறகுமுனைகள் நீட்டப்பட்டன. ஆறு ஆண்டுகள் அச்சில் இருந்த அறிவு ஆறு வாரங்களுக்குள் அவசரத் தேவையாயிற்று.

அத்துடனும் இது முற்றுப்பெறவில்லை. 1956 செப்டெம்பர் 27 இல் மில்பேண் அப்ற், எக்ஸ்-2 விமானத்தில் ஒலியின் மும்மடங்கு வேகத்தைக் கடந்த முதல் மனிதரானார். அது அவ்விமானத்தில் அவரது முதற் பறப்பு. உயர்வேகத்திற் திரும்ப முனைந்தபோது அதே பிணைப்பு நேர்ந்தது, அவர் மீளவில்லை. இம்முறை ஆபத்து முன்கூட்டியே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அனுபவமற்ற ஒருவரின் முதற் பறப்பு அவ்வெல்லைக்கே திட்டமிடப்பட்டது.

6. முடிவாக

1970 களில் வரலாறு இன்னொரு திருப்பத்தை எய்தியது. எஃப்-16 விமானத்தின் புவியீர்ப்பு மையம், முன்னோர் அஞ்சிய பின்னிடத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. உறுதிநிலையைக் காக்கும் பொறுப்பு, மனிதக் கையை விட விரைவான மின்னியற் கட்டுப்பாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. 1974 ஜனவரி 20 இல் அதன் முதல் மாதிரி தரையோட்டச் சோதனையில் இடமும் வலமுமாக உருண்டு அலைந்தபோது, ஓடுபாதையில் மோதாமற் காக்க விமானி அதனை வானில் எழுப்ப வேண்டியதாயிற்று. கட்டுப்பாட்டு முறையின் உணர்திறன் மிகையாக அமைந்திருந்ததே காரணம். லிலியந்தாலின் இடுப்பசைவு செய்த வேலையை இன்று கணனி செய்கின்றது. ஆயின் அக்கணனிக்கு எதைச் சொல்வது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர்.

நாம் மேலே கண்டவற்றிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, பாரப் பரம்பல் எக்காலத்திலும் தனித்த தொழில்நுட்பத் தெரிவாக இருந்ததில்லை. வேவுத்தேவை நோக்குநரை முன்னிருத்தியது. நெடுந்தூரப் போர் தாங்கியைப் பின்வைத்தது. வேகப்போட்டி பாரத்தை உடலுக்குள் நெடுகப் பரப்பியது. சமுதாயம் விமானத்திடம் எதனைக் கேட்டதோ அதற்கேற்பவே பாரமும் இடம் மாறிற்று. இரண்டாவது, ஒரு கோட்பாட்டைப் பிறப்பித்த நிபந்தனைகள் மாறும்போது, அதனை மீளாய்வு செய்யும் கடமை ஆய்வாளனோடு முடிவதில்லை. 1948 இல் விடை இருந்தது. அதனைத் தேடிச் சென்று கேட்கும் ஒழுங்கும், உற்பத்தியின் அவசரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் இருக்கவில்லை. மஸ்ராங் விமானிக்குத் தனது தாங்கியின் ஆபத்து கூறப்பட்டது. எஃப்-100 இல் முதலில் ஏறிய விமானிகளுக்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அறிவை உற்பத்தி செய்வதற்கெனப் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் உள்ளன. அவ்வறிவு அபாயத்தைச் சுமப்பவனின் கைக்கு உரிய காலத்தில் சென்று சேர்கின்றதா என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அவை தமதாகக் கொள்ளல் வேண்டும். அப்பொறுப்பு நிறைவேறாதவிடத்து, ஆய்வறிக்கையும் விபத்தறிக்கையும் ஒரே உண்மையையே இருமுறை எழுத நேரும். இரண்டாம் முறை எழுதப்படுவதற்கு மனிதர் தம் உயிரை விலையாகக் கொடுத்திருப்பர்.